நான் எழுதாமல் விட்ட செய்தி

1995 ஒக்டோபர் 30. வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் வீடு வாசல்களை விட்டுப் புறப்பட்ட நாள். கொட்டும் மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சியை நோக்கி நகர்ந்த இலட்சக்கணக்கானோருள் பள்ளிப் பிள்ளைகளும் இருந்தனர்.

தென்மராட்சிப் பாடசாலைகள் முதலில் அகதி முகாம்களாயின. பின்னர் உள்ளூர்ப் பிள்ளைகள் காலையிலும், இடம்பெயர்ந்தோர் பிற்பகலிலுமாகப் படிப்புத் தொடர்ந்தது.

செய்தி சேகரிக்கச் சென்ற நான், மரநிழலில் நடந்த வகுப்பொன்றின் அருகே நின்றேன். ஆசிரியையும் இடம்பெயர்ந்தவரே. இடாப்பில் பெயர் கூப்பிட்டவர், பதில் வந்ததும் அடுத்த பெயருக்குத் தாவவில்லை. “சாப்பிட்டனியோ? இப்ப எங்க இருக்கிறியள்?” என்று ஒவ்வொரு பிள்ளையையும் விசாரித்தார். வாய் திறவாதிருந்த சிறுவன் ஒருவனின் கொப்பியை வாங்கிப் பார்த்து, “எழுத்து வடிவாயிருக்கு, ராசா” என்றார். குனிந்திருந்த தலை நிமிர்ந்தது.

அன்று நான் எழுதியனுப்பியது அகதிகளின் எண்ணிக்கையை மட்டுமே. இந்தக் காட்சி செய்தியாக எனக்குத் தோன்றவில்லை.

யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம், 1998இல் வெளிவந்த தமது ஆங்கில நூலில் போரின் உளக்காயங்களைப் பதிவுசெய்தார். உளமருத்துவர்கள் மிகச் சிலரே இருந்த அம்மண்ணில், ஆசிரியர்களுக்கு உளநலப் பயிற்சி அளிக்கும் முயற்சிகளிலும் ஈடுபட்டார். அவற்றை அறிந்தபோதுதான் அந்த மரநிழல் வகுப்பின் பொருள் எனக்கு விளங்கியது.

போரின் வரலாற்றை எண்ணிக்கைகளால் எழுதினோம். பிள்ளைகளைத் தாங்கிநின்ற சிறு சொற்கள் எந்த இடாப்பிலும் பதிவாகவில்லை. அந்தக் கடனை இன்று தீர்க்கிறேன்.