கூரை தந்த குடிநீர்

திருவள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார். மழையைப் போற்றுதல் ஒரு பண்பாடு. பெய்த மழையை வீட்டுக்குள் வரவேற்று, அடுத்த மழை வரும்வரை கெடாமற் காத்துப் பருகுதல் அதனினும் நுட்பமானதொரு பண்பாடு. இவ்விரண்டாவதன் வரலாற்றை அறிய விழைவோர்க்கு, நாம் பிழைப்பு நாடி வந்து சேர்ந்த இந்த அகமதாபாத் நகரமே ஒரு நல்ல ஏடாக விளங்குகிறது.

சபர்மதியாற்றின் கீழ்க்கரையில் 1411ஆம் ஆண்டில் சுல்தான் அகமது ஷா இந்நகரை நிறுவினார். காலப்போக்கில் மதிலுக்குள்ளே ‘போள்’ எனப்படும் குறுந்தெருக் குடியிருப்புகள் எழுந்தன. சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் அவ்வீடுகள் பலவற்றின் நடுவே வானம் பார்த்த முற்றம் உண்டு. காண்போர்க்கு நம் தொட்டிக்கட்டு வீடு நினைவுக்கு வரும். ஆயினும் ஒரு வேற்றுமை. நம் முற்றத்தில் விழும் மழை பெரும்பாலும் சலதாரை வழியே வெளியேறிவிடும். பெண்டிர் அண்டாக்களில் பிடித்து வைப்பது சில நாளைக்கே போதும். இங்கோ, வசதி படைத்தோர் இல்லங்களில் முற்றத்தின் அடியிலேயே ஒரு நிலவறை அமைந்திருக்கும். ‘டாங்கா’ என்பது அதன் பெயர்.

இதன் தேவை எவ்வாறு எழுந்தது? இங்கே ஆண்டு மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். அதுவும் ஜூன் முதல் செப்டம்பர் வரையுள்ள நான்கு திங்களில் பெய்து ஓய்ந்துவிடும். நிலத்தடி நீரோ உவர்ப்பும் கடினத்தன்மையும் உடையது. கடின நீரில் பருப்பு வேகாது என்பதை நம் இல்லத்தரசியர்க்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. ஆகவே, குளிக்கவும் துவைக்கவும் கிணற்று நீர், குடிக்கவும் சமைக்கவும் மழைநீர் எனப் பகுத்தனர். நீரின் தரமறிந்து தொழில் வகுத்த இப்பகுப்பே அம்முறையின் உயிர் எனலாம்.

அமைப்பு எளியது. கூரை நீர் குழாய்வழி இறங்கிச் சுண்ணாம்புக் காரை பூசிய நிலவறையை அடையும். கோடையின் தூசியும் பறவை எச்சமும் கலந்துவரும் முதல் மழையை உள்ளே விடார். கூரை கழுவப்பட்ட பின்னரே நீரைத் திருப்பிவிடுவர். வாயை மூடியிட்டுக் காப்பர். வெளிச்சம் புகாத இடத்தில் பாசி வளராது; வாய் இறுக மூடியிருப்பின் கொசுவும் புகாது. தொட்டி வற்றிய காலத்தில் உள்ளே இறங்கித் துப்புரவு செய்வர்.

காந்தியடிகள் 1869ஆம் ஆண்டில் பிறந்த போர்பந்தர் இல்லத்திலும் இத்தகைய நிலவறைத் தொட்டி உண்டு. கடலோர ஊர்களில் கிணறு உவர்க்கும்போது கூரையன்றோ குடிநீர் தருவது!

இது பெருஞ்செல்வர்க்கே இயன்ற கணக்கா என்று பார்ப்போம். ஒரு சதுர மீட்டர்ப் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். 50 சதுர மீட்டர்க் கூரையில் 800 மில்லிமீட்டர் மழை 40,000 லிட்டராகும். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 32,000 லிட்டர் எஞ்சும். ஐவர் கொண்ட குடும்பத்துக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 50 லிட்டர் என்றால், மழையற்ற எட்டுத் திங்களுக்கு வேண்டுவது 12,000 லிட்டரே. கூரை தருவதில் பாதிகூட இல்லை.

பின்னர் ஏன் இம்முறை தளர்ந்தது? நகராட்சித் தலைவராக விளங்கிய ரண்சோட்லால் சோட்டாலாலின் முயற்சியால் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் குழாய்நீர் வந்தது. அது பெரும் நன்மையே. நிலவறை இல்லாத ஏழையரின் இல்லங்களுக்கும் நாளடைவில் அது சென்றது. ஆனால், நீர் தெருவிலிருந்து வரத் தொடங்கியதும் கூரையைப் பார்க்கும் கண் மூடிக்கொண்டது. பல டாங்காக்கள் தூர்ந்தன. பழைய நகரை 2017ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய நகராக ஏற்றது. இன்றும் சில வீடுகளில் டாங்காக்கள் பயன்பாட்டில் உள்ளன.

நம் தாயகத்திலோ 2003ஆம் ஆண்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அங்கே பெரும்பாலும் மழையை மண்ணுக்குள் செலுத்தினர். கடற்கரை நகர்க்கு அது பொருந்திய வழியே. எனினும் 2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னை தவித்ததையும், ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில் நீர் வந்ததையும் நாம் இங்கிருந்து கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தோம். சட்டம் குழாயைப் பொருத்தவைக்கும். ஆண்டுதோறும் மழைக்கு முன் கூரையைப் பெருக்கவைப்பது பழக்கம் ஒன்றே. போள் வீட்டார் கைக்கொண்டிருந்தது அப்பழக்கத்தைத்தான்.

வாடகை வீட்டில் வாழும் நாம் நிலவறை தோண்ட இயலாது. ஆனால், பணி ஓய்வுக்குப் பின் சொந்த ஊரில் ஒரு வீடு என்பது நம்முள் பலருடைய கனவு. அவ்வீட்டின் வரைபடத்தில் பூசையறைக்கும் அடுக்களைக்கும் இடம் குறிக்கும்போது, மூடியிட்ட மழைத்தொட்டி ஒன்றுக்கும் இடம் குறிப்போமாக. வந்தேறிய ஊரில் கற்றதைப் பிறந்த ஊருக்குக் கொண்டு செல்வதும் நாம் ஈட்டிய செல்வமேயாம்.