குருந்தக் கல்லும் மோட்டார் வண்டியும்



ஓசூரில், பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டி, மோட்டார் வண்டிகளுக்கு மெருகேற்றும் சிறு பட்டறை ஒன்றுக்கு அண்மையில் சென்றிருந்தேன். கரிய நிறக் கார் ஒன்று அங்கே நின்றது. நிழலில் பார்த்தபோது அதில் குறையொன்றும் தென்படவில்லை. பட்டறைத் தொழிலாளர் ஒருவர் கைவிளக்கை ஏற்றி அதன் முகப்புக்கு நேராகப் பிடித்தார். உடனே விளக்கின் பிம்பத்தைச் சுற்றிலும், சிலந்தி வலை விரித்தாற்போல, மெல்லிய வட்டக் கோடுகள் நூற்றுக்கணக்கில் தோன்றின. விளக்கை அவர் இடப்புறம் நகர்த்தினார். வட்டங்களும் இடப்புறம் நகர்ந்தன. வலப்புறம் நகர்த்தினார், அவையும் உடன் சென்றன.

"ஐயா, கீறல் வண்டியில் இருக்கிறது, வட்டம் விளக்கில் இருக்கிறது" என்றார் அவர்.

அவர் கூறியது முற்றிலும் உண்மை. துடைக்கும் துணியில் சிக்கிய புழுதி, பூச்சின்மீது எல்லாத் திசைகளிலும் நுண்ணிய கீறல்களை இடுகின்றது. அவற்றுள் விளக்கின் பிம்பத்தைச் சுற்றி வளைவாகக் கிடப்பவை மட்டுமே ஒளியை நம் கண்ணுக்குத் திருப்புகின்றன. ஏனையவை வேறு பக்கம் சிதறடிக்கின்றன. ஆகவே எங்கே விளக்கு உண்டோ அங்கே வட்டம் தோன்றுகின்றது. நாள்தோறும் துலக்கும் எவர்சில்வர் தட்டு ஒன்றை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். இதே காட்சியைக் காண்பீர்கள்.

"இவற்றை எதைப் பூசி மறைப்பீர்கள்?" என்று கேட்டேன்.

"பூசி மறைத்தால் நான்கு முறை கழுவியதும் திரும்பத் தெரியும். கீறலின் அடிமட்டம் வரையில் சுற்றியுள்ளதை எடுத்துவிட வேண்டும். எடுப்பதற்கு எவ்வளவு இருக்கிறது என்பதை முதலில் அளக்க வேண்டும்" என்று சொல்லி, ஒரு சிறு கருவியைத் தகட்டின்மீது பல இடங்களில் வைத்து எண்களைக் குறித்துக்கொண்டார். பிறகு நுரைப்பஞ்சு வட்டில் வெள்ளைப் பசையைத் தடவினார். அப்பசையில் இருப்பது யாது என்று வினவினேன். "அலுமினாப் பொடி" என்றார். அந்தப் பொடியின் பழம் பெயரைத் தேடிச் சென்றபோது, அஃது என்னை மீண்டும் இவ்வட்டாரத்து மண்ணுக்கே கொண்டுவந்து சேர்த்தது. அந்த வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விழைகின்றேன்.

மெருகிடுதல் மனிதனின் மிகப் பழைய தொழில்களுள் ஒன்று. கல்லைக் கொத்திக் கருவி செய்தவன், அதனைத் தேய்த்து வழவழப்பாக்கக் கற்றுக்கொண்ட காலத்தையே நாம் புதிய கற்காலம் என்கின்றோம். கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் தமிழ்நாடு தொல்லியல் துறை 2021இல் அகழாய்வு நடத்தியது. அங்கே கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் அறிவிக்கப்பட்டது. அந்த இரும்புக் காலத்துக்கும் முந்திய புதிய கற்காலத்தின் தடயமும் அங்கே உண்டு. அக்காலத்துக் கோடாரியின் விளிம்பு கண்ணாடிபோல் வழவழப்பாய் இருக்கும். மணலும் நீரும் இட்டுப் பாறையில் நெடுநேரம் தேய்த்ததன் பயன் அது. அவ்வாறு தேய்த்த பள்ளங்கள் பெல்லாரிக்கு அருகே சங்கனக்கல் குன்றுகளில் இன்றும் காணப்படுகின்றன. வழவழப்பான விளிம்பு மரத்தில் எளிதாக இறங்கும்; விரைவில் உடையாது. ஆதலால், மெருகு முதன்முதலில் பயன் கருதியே பிறந்தது எனலாம்.

மணல் எனப்படுவது பெரும்பாலும் குவார்ட்சு. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவையில் அதன் இடம் 7. அதைவிடக் கடினமான பொருளைத் தேய்க்க மணல் உதவாது. 10ஆம் இடத்தில் வைரம் இருக்கின்றது. அதற்கு அடுத்து 9ஆம் இடத்தில் நிற்பதே நம் கதையின் நாயகனாகிய குருந்தக் கல். தமிழில் குருந்தம் என்றும், தெலுங்கில் குருவிந்தம் என்றும் வழங்கும் இக்கல், அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த படிகம். குரோமியம் சிறிது கலந்து சிவந்தால் அதுவே மாணிக்கம். இரும்பும் டைட்டேனியமும் கலந்து நீலம் பெற்றால் அதுவே நீலமணி. நிறமோ தெளிவோ இல்லாத கல்லை நம் முன்னோர் இடித்துப் பொடித்து, அரக்குடன் குழைத்து, சாணை வட்டமாகச் செய்தனர். மணிகளுக்குப் பட்டை தீட்டியதும், படைக்கலங்களைக் கூராக்கியதும் அச்சாணையே.

இன்று கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம், நாமக்கல் என நான்காய் விளங்கும் மாவட்டங்கள் முன்னாளில் ஒரே சேலம் மாவட்டமாக இருந்தன. தருமபுரி 1965இலும், கிருஷ்ணகிரி 2004இலும் தனி மாவட்டங்களாயின. அப்பழைய சேலம் மாவட்டம் குருந்தத்துக்குப் பேர் பெற்றது. சித்தம்பூண்டியிலும் பாப்பாரப்பட்டிப் பக்கத்திலும் அது பாறையோடு கலந்து கிடந்தது. 1728இல் மறைந்த ஆங்கில அறிஞர் ஜான் உட்வர்டு தொகுத்த கனிமப் பட்டியலிலேயே, சென்னைக் கோட்டையிலிருந்து சென்ற இக்கல்லும், சற்றே திரிந்த வடிவில் அதன் பெயரும் இடம் பெற்றன.

1792இல் திப்பு சுல்தானுடன் செய்துகொண்ட உடன்படிக்கையால் பாராமகால் எனப்பட்ட கிருஷ்ணகிரிச் சீமை கும்பினியாரின் கைக்கு வந்தது. ஆறாண்டுகள் கழித்து, 1798இல், சார்லஸ் கிரெவில் என்பார் ஆசியாவின் குருந்தக் கல்லைப் பற்றி இலண்டன் ராயல் சங்கத்தின் ஏட்டில் விரிவான கட்டுரை எழுதினார். தென்னாட்டு மக்கள் இட்ட பெயர் மேனாட்டு அறிவியலில் 'கொரண்டம்' என்று நிலைபெற்றது. உலகெங்கும் கனிம நூல் பயிலும் மாணவர்கள் தம்மையறியாமல் உச்சரிக்கும் நம் நாட்டுச் சொற்களுள் இஃதொன்று.

இனி, தேய்ப்பதனால் பளபளப்பு எவ்வாறு வருகின்றது? இக்கேள்விக்குத் தெளிவான விடை தந்தவர் நியூட்டன். அவர் 1668இல் பிரதிபலிப்புத் தொலைநோக்கி செய்தபோது, செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோக ஆடியைத் தம் கையாலேயே மெருகிட்டார். 1704இல் வெளிவந்த ஒளியியல் நூலில், மெருகிடும் பொடி கீறல்களை ஒழிப்பதில்லை என்று விளக்கினார். பெரிய கீறல்களின் இடத்தில் சிறிய கீறல்களையும், அவற்றின் இடத்தில் இன்னும் சிறியவற்றையும் அது வைக்கின்றது. இறுதியில் அவை கண்ணுக்குப் புலப்படாத அளவுக்குச் சிறுத்துவிடுகின்றன. ஒளியலையின் நீளம் ஒரு மைக்ரானிலும் குறைவு. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறிட்டால் ஒரு கூறே மைக்ரான். கீறல் அந்த அலைநீளத்தினும் மிகச் சிறிதானால் ஒளி சிதறாது. அதையே நாம் பளபளப்பு என்கின்றோம். பின்னாளில் ரேலி பிரபு 1901இல் இதனை மீண்டும் ஆராய்ந்தார். உலோகத்தின் மேற்பரப்பு தேய்க்கும்போது குழம்புபோல் ஓடிப் படிகின்றது என்று பெயில்பி வாதிட்டார். பொருளுக்குப் பொருள் நிகழ்ச்சி வேறுபடினும், மோட்டார் வண்டியின் பூச்சைப் பொறுத்தவரை நியூட்டனின் விளக்கமே இன்றும் வழிகாட்டி.

குருந்தத்தின் கதைக்குத் திரும்புவோம். 1891இல் அமெரிக்காவில் எட்வர்டு அச்சிசன் என்பவர் களிமண்ணையும் கரியையும் மின்சாரத்தால் கடுஞ்சூடாக்கி, மின்னும் படிகங்கள் சிலவற்றைப் பெற்றார். அவை கார்பனும் கொரண்டமும் சேர்ந்தவை என்று எண்ணி, இரு பெயர்களையும் இணைத்துக் 'கார்போரண்டம்' என்று பெயரிட்டார். அவர் எண்ணம் தவறு. அப்பொருள் உண்மையில் சிலிக்கன் கார்பைடு. தவற்றில் பிறந்த அப்பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. அதனுள் நம் குருந்தமும் நிலைத்துவிட்டது. விரைவிலேயே பாக்சைட்டை மின்னுலையில் உருக்கிக் குருந்தத்தையும் செயற்கையாகச் செய்யலாயினர். தரம் மாறாத, அளவு பிரித்த பொடி வேண்டிய மட்டும் கிடைத்ததனால், மண்ணில் குருந்தம் தோண்டும் தொழில் மங்கியது.

அப்பொடிக்குப் புதிய தேவை ஒன்று காத்திருந்தது. தொடக்க காலத்தில் மோட்டார் வண்டிகளுக்குக் குதிரை வண்டிகளைப்போலவே வார்னிஷ் பூசினர். பூச்சுமேல் பூச்சாக இட்டு உலர்த்துவதற்கு வாரக்கணக்கில் நாள் பிடித்தது. 1923இல் டுபாண்ட் நிறுவனத்தின் 'டூகோ' என்னும் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு ஓக்லண்டு கார்களில் வந்தது. உலரும் காலம் மணிக்கணக்காகச் சுருங்கியது. ஆனால், அப்பூச்சு பளபளக்க வேண்டுமானால் தேய்த்தே ஆகவேண்டும். ரப்பிங் காம்பவுண்டும் மின்சார மெருகு இயந்திரமும் தொழிற்கூடங்களில் இடம் பிடித்தன. 1970களுக்குப் பின், வண்ணப் பூச்சின்மேல் நிறமற்ற கிளியர் கோட் பூசும் முறை படிப்படியாகப் பரவியது. இன்று நாம் காரில் காணும் பளபளப்பு அம்மேற்பூச்சுக்கே உரியது.

அந்த மேற்பூச்சின் கனம் யாது? ஏறத்தாழ 35 முதல் 50 மைக்ரான்! நம் தலைமயிர் ஒன்றின் பருமனே ஏறக்குறைய 70 மைக்ரான். மயிரிழையிலும் மெல்லிய அப்படலமே வெயிலின் புற ஊதாக் கதிர்களிலிருந்து வண்ணத்தைக் காக்கின்றது. ஒவ்வொரு முறை இயந்திரம் கொண்டு தேய்க்கும்போதும் அதில் சில மைக்ரான் போய்விடுகின்றது, போனது திரும்பாது. பட்டறைத் தொழிலாளர் முதலில் அளவு கருவியை எடுத்ததன் காரணம் இப்போது விளங்குமன்றோ?

இயந்திரத்திலும் இரு வகை உண்டு. முதல்வகையில் வட்டு ஒரே அச்சில் சுழலும். அது விரைவாகத் தேய்க்கும். ஆனால் ஓரிடத்தில் நின்றுவிட்டால் பூச்சைச் சுட்டுவிடும். பழக்கமற்ற கையில் தானே புதிய சுழல் தடங்களை இட்டுவிடும். மற்றொரு வகையில், வட்டு தன்னைத் தானே சுற்றுவதோடு அதன் மையமும் சிறு வட்டமாகச் சுழலும்; பூமி தானும் சுழன்று ஞாயிற்றையும் சுற்றிவருவதை ஒப்பாகக் கூறலாம். பொடியின் துகள் சென்ற வழியே மீண்டும் செல்லாததால் கீறல்கள் ஒழுங்கான கோடுகளாகத் திரள்வதில்லை. முதலில் கழுவி, ஒட்டிய அழுக்கை நீக்கி, சிறு பகுதியில் சோதித்துப் பார்த்து, சற்றுப் பருத்த பொடியில் தொடங்கி நுண்பொடியில் முடிப்பது முறை. மயிலாடும்பாறைப் பக்கத்தில் கல்லைத் தேய்த்தவனின் முறையும் அடிப்படையில் இதுவே.

1970களில் சிப்காட் தொழிற்பேட்டை ஓசூரில் உருவாயிற்று. 1980இல் அசோக் லேலண்டு தொழிற்சாலையும், டி.வி.எஸ். 50 மொபெட்டும் வந்தன. அப்பத்தாண்டிலேயே டைட்டன் கைக்கடிகாரமும் வந்தது. வண்டியும் கடிகாரமும் செய்யுமிடத்தில் தேய்ப்பும் மெருகும் இல்லாமல் இயலுமோ? 1954இல் சென்னையில் தொடங்கிய கார்போரண்டம் யூனிவர்சல் நிறுவனத்தின் சாணைச் சக்கரத் தொழிற்சாலையும் ஓசூர்த் தொழிற்பேட்டையில் அமைந்தது. பழைய சேலம் மாவட்டத்து மண்ணிலிருந்து இலண்டனுக்குச் சென்ற ஒரு சொல், அமெரிக்கா வழியாகத் திரும்பி, தன் பிறந்த வட்டாரத்துத் தொழிற்சாலையின் பெயர்ப்பலகையில் வந்து அமர்ந்தது!

இக்கதையில் நாம் மறக்கக்கூடாத மற்றொரு பக்கமும் உண்டு. தேய்த்து எடுத்தது எங்கே போகின்றது? கிருஷ்ணகிரியின் கிரானைட் பாளங்கள் கடல் கடந்து பல நாடுகளுக்குச் செல்கின்றன. அப்பாறையில் குவார்ட்சு உண்டு. அதனை உலர்ந்த நிலையில் அறுத்தால், தேய்த்தால், நுண்தூசி தொழிலாளியின் நுரையீரலில் தங்கி, சிலிக்கோசிஸ் என்னும் தீராத நோயை உண்டாக்கும். நீர் பாய்ச்சித் தேய்ப்பதும், தூசியை உறிஞ்சி அகற்றுவதும், முகக்காப்பு அணிவதும் இதனாலேயே. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் இந்நோயை அரசுக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்களுள் ஒன்றாக வைத்திருந்தது. மாளிகைத் தளத்தின் பளபளப்புக்கு ஒருவருடைய மூச்சு விலையாகக் கூடாது.

மாலையில் அந்தக் கரிய கார் வேலை முடிந்து நின்றது. விளக்கைப் பிடித்தார்கள். வட்டங்கள் இல்லை, விளக்கின் பிம்பம் மட்டும் தெளிந்த கிணற்றில் விழுந்த நிலவைப்போல நின்றது. ஆனால் கதவருகே கீறல் ஒன்று எஞ்சியிருந்தது. வண்டிக்கு உடையவர் அதைச் சுட்டிக் காட்டினார். தொழிலாளர் அதன்மீது தம் விரல் நகத்தை மெல்ல ஓட்டினார். நகம் மாட்டி நின்றது.

"நகம் மாட்டும் கீறலுக்கு அடிமட்டம் வரையில் எடுத்தால் மேற்பூச்சே போய்விடும், ஐயா. இதை இப்படியே விட்டுவிடுங்கள். வண்டி இன்னும் பல ஆண்டு ஓட வேண்டுமல்லவா?" என்றார்.

உடையவருக்கு மனம் முழுதும் நிறையவில்லை. எனினும் சற்று நின்று பார்த்துவிட்டு, ஒப்புக்கொண்டு வண்டியை எடுத்துச் சென்றார். எடுத்தலால் வருவது மெருகு. எங்கே நிறுத்துவது என்று அறிந்ததால் அவர் தொழிலாளி. கல்லைத் தேய்த்த முதல் மனிதன் தொடங்கி இத்தொழிலில் கைபழகியவர் அனைவரும் கற்ற பாடம் இதுவாகவே இருக்க வேண்டும் என்று எண்ணியவாறு நானும் விடைபெற்றேன்.