களிமண்ணில் யானைமுகம்

திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டை வாயிலை அடுத்துள்ள பகுதிக்குப் பழவங்காடி என்று பெயர். அங்கே கோயில் கொண்டிருக்கும் மகாகணபதிக்குத் தேங்காய் உடைப்பதே தலையாய நேர்ச்சை. அவ்வழியே செல்வோர் கடவுளை நினையாதவராயினும், தேங்காய் சிதறும் ஓசையைக் கேளாமல் கடக்க இயலாது.

இக்கணபதியின் வரலாறு ஒரு பட்டாளத்தின் வரலாறு. திருவிதாங்கூரின் தலைநகராகப் பத்மநாபபுரம் விளங்கிய நாளில், அங்குக் காவல் புரிந்த நாயர் படையினர் இவ்விக்கிரகத்தை வழிபட்டு வந்தனர் என்பது மரபு. 1795-ஆம் ஆண்டையொட்டித் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறியது. பின்னர்ப் படையும் இடம் பெயர்ந்தபோது, தம் கணபதியை உடன்கொண்டு வந்து பழவங்காடியில் எழுந்தருளச் செய்தனர். சுதந்திரத்துக்குப் பின் சமஸ்தானப் படை இந்திய இராணுவத்தோடு இணைந்தது. கோயிலும் இராணுவத்தின் பொறுப்பில் வந்து, இன்றும் அவ்வாறே இருக்கிறது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் எல்லைகள் திருத்தப்பட்டபோது பத்மநாபபுரம் தமிழ் மாநிலத்தோடு சேர்ந்தது. ஆகவே, ஊரை விட்டு வெளி மாநிலத்தில் குடியிருக்கும் நம்மவருள் பழவங்காடிப் பிள்ளையாரையும் ஒருவராக எண்ணுவதில் தவறில்லை.

ஆனால் கருங்கல் திருமேனியைச் சுமந்து செல்லப் பட்டாளத்தால் இயலும்; குடும்பஸ்தனால் இயலாது. அவன் போன ஊரின் மண்ணைப் பிசைந்து, யானைமுகத்தைத் தானே செய்துகொண்டான். கரமனையிலும் வலியசாலையிலும் கோட்டைக்குள்ளும் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் ஆவணிச் சதுர்த்தியை அவ்விதமே கொண்டாடின. கேரள மரபில் கணபதி ஹோமத்துக்கு எத்துணை முதன்மையோ, தமிழ் வீட்டில் களிமண் பிள்ளையாருக்கும் அத்துணை முதன்மை உண்டு.

மண் என்றவுடன் அது ஒரு நாளில் கரைவது என்று எண்ணிவிடலாகாது. பழவங்காடியிலிருந்து சிறிது தூரம் நடந்தால் அனந்தபத்மநாபன் திருக்கோயில். 1686-இல் தீப்பற்றிய அக்கோயிலைப் பதினெட்டாம் நூற்றாண்டில் மார்த்தாண்ட வர்மர் புதுப்பித்தபோது, மூலமூர்த்தியும் புதிதாக அமைந்தது. அது கல்லால் ஆனதன்று. 12,008 சாளக்கிராமங்களை வைத்து, கடுசர்க்கரை என்னும் கலவையால் உருவாக்கியது என்பர். மண்ணும் பிசினும் மூலிகைச் சாறும் கலந்து பல நாள் பதப்படுத்திய சாந்து அது. பள்ளிகொண்ட பெருமானும் அவர்க்குக் குடை பிடிக்கும் ஆதிசேடனின் ஐந்து தலைகளும் அச்சாந்தில் வனைந்தவையே. நீர் பட்டால் கேடு என்பதால் மூலவருக்குத் திருமஞ்சனம் இல்லை. அது வேறு மூர்த்திக்கு நடைபெறுகிறது. இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்த அரவத் தலைகள் நிமிர்ந்தே நிற்கின்றன.

வீட்டுப் பிள்ளையாருக்கோ பிசினும் இல்லை, எலும்புக்கூடும் இல்லை. கொல்கத்தாவின் குமார்டுலிக் குயவர்கள் முதலில் மூங்கிலும் வைக்கோலும் கட்டி உருவத்தின் உடலை அமைத்துக்கொண்டு, அதன்மேல் மண் பூசுகின்றனர். அதனால் துர்க்கை ஆளுயரத்துக்கு மேல் எழுந்து நிற்கிறாள். நம் வீட்டுப் பிள்ளையார் முழுவதும் மண். ஆதலால் அவர் ஒரு சாண் உயரத்துக்குள் அடங்கி, சம்மணமிட்டு, பருத்த வயிற்றோடு அமர்ந்திருக்கிறார். புராணம் கூறும் காரணம் எதுவாயினும், களிமண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான தெய்வ வடிவம் வேறு இல்லை என்பது நம் எண்ணம். தொங்கும் துதிக்கை ஈரத்தில் தளர்ந்து விழும். வயிற்றின்மீது சாய்ந்தாலோ, கையிலுள்ள மோதகத்தைத் தொட்டாலோ நிலைத்துவிடும். தந்தம் ஒன்று ஒடிந்தால் கவலை வேண்டா. ஏகதந்தனுக்கு அது ஒடிந்தே இருத்தல் முறை!

ஆயினும் முகம் எளிதன்று. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்னும் பழமொழியைச் செய்து பாராதவர் கேலியாகக் கொள்வர். செய்து பார்த்தவர் அதை அனுபவ வாக்கென அறிவர். யானையின் நெற்றி நம் நெற்றிபோல் தட்டையானதன்று. நம் நாட்டு யானைக்கு அது இரு மேடுகளாகப் புடைத்து, நடுவே பள்ளம் விழுந்திருக்கும். கண்கள் சிறியவை, முகத்தின் பக்கவாட்டில் சற்றுக் கீழிறங்கி அமைந்தவை. அவற்றை மனிதக் கண்போல் முன்புறத்தில் வைத்துச் செவியையும் சிறிதாக்கினால் குரங்கு வந்துவிடும். செவி முறம்போல் அகன்றிருக்க வேண்டும்.

கல் நீங்கச் சலித்த மண்ணை ஓரிரவு ஊறவைத்து, கையில் ஒட்டாத பதம் வரும்வரை பிசைதல் வேண்டும். தலையைத் தனியே உருட்டி, கழுத்திலும் தலையடியிலும் ஈர்க்கினால் கீறி, மண்குழம்பு தடவி அழுத்திப் பொருத்துவர். பார்வதி தேவி செய்த பிள்ளைக்கும் தலை பின்னர்ப் பொருத்தியதே அன்றோ! வெயிலில் வைத்தால் மெல்லிய செவி முதலில் உலர்ந்து வெடிக்கும். ஆகையால் செவியின்மேல் ஈரத்துணியிட்டு நிழலில் உலர்த்துதல் நன்று.

தமிழ்நாட்டுக் கடைத்தெருக்களில் மண்ணை அச்சில் அழுத்திப் பெயர்த்து, கேட்டவர்க்குக் கேட்டவாறு விற்பவர் உண்டு. அதுவும் மண்ணே, குறை சொல்வதற்கில்லை. குறையெல்லாம் பின்னாளில் புகுந்த பாரிஸ் சாந்தில்தான். 1893-இல் திலகர் புனேயில் விழாவைப் பொதுவிழாவாக்கிய நாளில் தோன்றாத தொல்லை இது. அச்சாந்து நீரில் எளிதில் கரையாது. வண்ணங்களோ நீர்நிலைகளைக் கெடுக்கும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2010-இல் விதிமுறைகள் வகுத்து, 2020-இல் அவற்றைத் திருத்தியது. பாரிஸ் சாந்துச் சிலைகளைத் தவிர்க்குமாறு அவை கூறுகின்றன. எனினும் தில்லியிலும் மும்பையிலும் அடுக்குமாடியில் வாழும் நம்மவர் பலர், மண் கிடைக்கவில்லை என்று வண்ணச் சிலையை வாங்கிவிடுகின்றனர். ஊர்க் குயவரிடம் கேட்டால் பிசைந்த மண்ணே கிடைக்கும் என்பதை நினைப்பதில்லை. வீட்டுப் பிள்ளைகளும் யானையின் நெற்றியை விரலால் தடவி அறியும் வாய்ப்பை இழக்கின்றனர்.

கிணறும் குளமும் இல்லாத வீட்டில் வாளி நீர் போதும். சுடாத மண்ணாதலால் சில மணி நேரத்தில் செவியும் துதிக்கையும் கரைந்துவிடும். சேற்று நீரைச் செடிக்கு ஊற்றலாம். கண்ணாகப் பதித்த குன்றிமணிகள் இரண்டும் வாளியின் அடியில் கிடக்கும். குன்றிமணியின் பருப்பு நஞ்சு; சிறு குழந்தைகள் கைக்கு எட்டுமுன் அவற்றைத் தேடி எடுத்து, அடுத்த ஆவணிக்குப் பத்திரப்படுத்துதல் வேண்டும்.