சுழற்சியா, வெப்பமா? கோள்களின் கருவமும் காந்தப்புலமும்

வெள்ளிக்கு ஏன் காந்தப்புலம் இல்லை என்று கேட்டால், அது மிக மெதுவாகச் சுழல்கிறது என்ற பதிலே பொது அறிவியல் நூல்களில் அடிக்கடி கிடைக்கிறது. தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 243 நாள் எடுத்துக்கொள்ளும் கோள் அது. ஆகவே பதில் பொருத்தமாகவே தோன்றும். ஆனால் புதனையும் செவ்வாயையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்த விளக்கம் நிற்காது. பாறைக் கோள் ஒன்றுக்குக் காந்தப்புலம் உண்டா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது சுழலும் வேகமன்று. கருவம் தன் வெப்பத்தை இழக்கும் வேகம். சுழற்சிக்கு வேறொரு பெருமை உண்டு. கண்ணுக்கெட்டாத கருவத்தின் நிலையை அதுவே நமக்குக் காட்டிக்கொடுக்கிறது.

புவியின் கருவம் மையத்திலிருந்து ஏறத்தாழ 3480 கி.மீ. வரை பரந்தது. அதன் நடுவே இருப்பது 1220 கி.மீ. ஆரமுள்ள திண்ம உட்கருவம்; இப்படித் தனியொரு உட்பகுதி இருப்பதை, நிலநடுக்க அலைகளின் போக்கைக் கொண்டு 1936-இல் டென்மார்க்கின் இங்கே லேமன் கண்டறிந்தார். அதைச் சூழ்ந்திருப்பது உருகிய இரும்பு. மேலுள்ள கவசம் வெப்பத்தை வாங்கிக்கொண்டே இருப்பதால் இத்திரவம் ஓயாமல் புரள்கிறது. உட்கருவம் உறைந்து வளரும்போது வெளியேறும் இலேசான தனிமங்கள் மேலெழுந்து அந்தப் புரளலுக்கு வலுவூட்டுகின்றன. மின்கடத்தும் திரவம் காந்தப்புலத்தினூடே ஓடினால் மின்னோட்டம் பிறக்கும். அந்த மின்னோட்டம் காந்தப்புலத்தைத் தாங்கி நிறுத்தும். 1919-இல் ஜோசப் லார்மர் முன்வைத்த டைனமோக் கருத்தின் சாரம் இது. சுழற்சியின் பங்கு, கொரியாலிஸ் விளைவால் அந்த ஓட்டத்தைச் சுருள்களாக முறுக்கி ஒழுங்குபடுத்துவது.

அப்படி முறுக்கக் கோள் எவ்வளவு வேகமாகச் சுழல வேண்டும்? வெளிக்கருவத் திரவம் ஆண்டுக்குப் பத்து, இருபது கி.மீ. அளவிலேயே நகர்கிறது. சுமார் 2260 கி.மீ. தடிமனை அது கடக்க ஏறக்குறைய 150 ஆண்டுகள் ஆகும். வெள்ளியின் கருவத்திலும் இதே வேகத்தில் ஓட்டம் இருப்பதாகக் கொண்டால், அந்த ஒரு பயணத்துக்குள் வெள்ளி 220 முறைக்கு மேல் சுழன்று முடித்திருக்கும். மந்தமான அந்தச் சுழற்சியும் திரவத்தை முறுக்கப் போதுமானதே.

கணக்கை விட வலுவான சாட்சி புதன். அதன் சுழற்சிக் காலம் கிட்டத்தட்ட 59 நாள், அளவும் சிறியது. அதற்கு டைனமோ இருக்க வாய்ப்பில்லை என்றே கருதப்பட்டது. 1974-இல் அதைக் கடந்து சென்ற மரைனர் 10 விண்கலம், புவியினுடையதில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு வலிமையுள்ள காந்தப்புலத்தைக் கண்டது. கருவம் இன்னும் உருகிய நிலையில்தான் உள்ளதா என்ற கேள்விக்கு விடை தந்தது சுழற்சியே. புதன் சூரியனை இருமுறை சுற்றுவதற்குள் தன்னைத்தானே மும்முறை சுற்றுகிறது. அப்போது சூரிய ஈர்ப்பு அதைச் சற்றே முன்னும் பின்னும் அசைக்கிறது. ழான்-லுக் மார்கோ குழுவினர் ரேடார் அலைகளால் இந்த அசைவை அளந்து 2007-இல் வெளியிட்டனர். முழுக்கத் திண்மமான கோளுக்கு எதிர்பார்க்கக்கூடியதைப் போல் அது இரு மடங்கு. மேலோடும் கவசமும் கருவத்தோடு இறுகப் பிணைந்திருந்தால் இவ்வளவு அசைவு வராது; இடையில் திரவம் இருந்தாக வேண்டும். ஒரு கோளின் மேற்பரப்பு அசைவதை மட்டும் பார்த்து, அதன் ஆழத்தில் உருகிய உலோகம் இருப்பதை நிறுவிய இந்த ஆய்வு, கோளியலின் மிக அழகான சாதனைகளில் ஒன்று.

செவ்வாயின் கதை இதற்கு நேர்மாறானது. அதன் சுழற்சிக் காலம் 24 மணி 37 நிமிடம், ஏறக்குறைய நம்முடையதே. அதன் கருவத்தில் திரவம் இருப்பதை அங்கே இறங்கிய இன்சைட் விண்கலத்தின் நிலநடுக்கமானி உறுதிசெய்தது. சுழற்சியும் திரவமும் போதுமென்றால் செவ்வாய்க்கு இன்று வலுவான காந்தப்புலம் இருக்க வேண்டும். இருப்பதோ அதன் பழைய பாறைகளில் பதிந்த எச்சம் மட்டுமே. அதை மார்ஸ் குளோபல் சர்வேயர் விண்கலம் கண்டது. ஏறத்தாழ 400 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அந்த டைனமோ அணைந்துவிட்டது. சுழற்சி நிற்கவில்லை, கருவம் முழுவதும் உறைந்துவிடவுமில்லை. நின்றது, வெப்பம் போதிய வேகத்தில் வெளியேறுவது.

அப்படியானால் வெள்ளியிலும் காரணத்தைக் கவசத்தில்தான் தேட வேண்டும். புவியில் குளிர்ந்த தட்டுகள் உள்ளே அமிழ்ந்து கவசத்தைக் குளிர்விக்கின்றன. புவியில் காண்பது போன்ற தட்டு நகர்வு வெள்ளியில் இல்லை. கவசம் சூடாகவே இருந்தால் கருவத்தின் வெப்பம் கடத்தல் வழியாக மட்டும் மெல்லக் கசியும். திரவம் புரள வேண்டிய தேவையே எழாது. நிலவைப் பிறப்பித்தது போன்ற பெருமோதல் நிகழாததால் வெள்ளியின் கருவம் அடுக்கடுக்காகப் பிரிந்தே நிற்கிறது என்ற கருதுகோளும் உண்டு. எது சரியானாலும், இரண்டுமே புரளல் இல்லாததைத்தான் காரணமாகக் காட்டுகின்றன.

நம் நாளின் நீளத்திலும் கருவத்தின் கை இருக்கிறது. வெளிக்கருவமும் கவசமும் சுழற்சி உந்தத்தைத் தம்முள் பரிமாறிக்கொள்வதால், பத்தாண்டுக் கணக்கில் நாள் சில மில்லிசெகண்டு நீண்டு சுருங்குகிறது. காந்தப்புல மாற்றங்களிலிருந்து கணித்த கருவ ஓட்டம் நாள் நீள மாற்றத்தோடு ஒத்துப்போவதை ழோல், ழீர், லெ முவெல் ஆகியோர் 1988-இல் காட்டினர். சுழற்சியின் இந்த மாற்றத்தையும் காந்தப்புலத்தையும் ஒரே கருவத்தின் இரு விளைவுகளாகக் காண வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஆகவே மாணவர்களுக்கு வெள்ளியைத் தனியே நிறுத்தி விளக்கும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். புதன், வெள்ளி, செவ்வாய், புவி நான்கின் சுழற்சிக் காலத்தையும் காந்தப்புலத்தையும் ஒரே அட்டவணையில் தந்து, கருவம் எப்படிக் குளிர்கிறது என்ற கேள்வியிலிருந்து பாடத்தைத் தொடங்கலாம்.