பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் வளரிளம் பருவத்தினரின் மனநலம்

வளரிளம் பருவம் என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுப்பது 10 முதல் 19 வயது வரையிலான காலத்தை. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் இந்த வயதுப் பிள்ளைகளின் மனநலத்தைத் தேர்வு, வானம் பார்த்த வேளாண்மை, பிழைப்புக்காக வெளியூர் போகும் பெற்றோர், சாதி, பெண்பிள்ளைக்கு விதிக்கப்படும் கட்டுப்பாடு ஆகியவை பாதிக்கின்றன. இவற்றில் தேர்வைத்தான் முதலில் சொல்ல வேண்டும். மற்றவை எல்லாமே கடைசியில் தம் பாரத்தை அதன்மேல்தான் இறக்கிவைக்கின்றன.

இவ்விரு மாவட்டங்களும் பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதிகள். 1995இல் பெரம்பலூர் தனி மாவட்டமானது. அதிலிருந்து 2001இல் பிரிக்கப்பட்ட அரியலூர், மறு ஆண்டே திரும்பச் சேர்க்கப்பட்டு, 2007 நவம்பரில் மீண்டும் தனி மாவட்டமானது. 2011 கணக்கெடுப்பின்படி பெரம்பலூரின் மக்கள்தொகை 5,65,223, அரியலூருடையது 7,54,894. அரியலூரில் நூற்றுக்கு 11 பேரும் பெரம்பலூரில் 17 பேருமே நகரவாசிகள். ஆகவே இங்கே வளரிளம் பருவத்தினர் என்றால் பெரும்பாலும் ஊரிலிருந்து பேருந்து ஏறிப் பள்ளிக்குப் போய்வரும் பிள்ளைகள் அல்லது விடுதியில் தங்கிப் படிப்பவர்கள்.

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015–16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, 13–17 வயதினரில் 7.3 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநலச் சிக்கல் இருப்பதாகக் கணித்தது. பெருநகரங்களில் அது 13.5, கிராமப்புறத்தில் 6.9. கிராமத்தில் குறைவுதானே என்று நிம்மதி கொள்ள இடமில்லை. 40 பேர் உட்காரும் ஒரு வகுப்பறையில் ஏறக்குறைய மூன்று பிள்ளைகள் என்பதுதான் அந்த 6.9க்குப் பொருள்.

தேர்வும் தேர்ச்சி விழுக்காடும்

பொதுத்தேர்வு முடிவுகளில் இவ்விரு மாவட்டங்களும் அண்மை ஆண்டுகளில் மாநிலத்தையே திரும்பிப் பார்க்க வைத்திருக்கின்றன. 2022 பிளஸ் டூ தேர்வில் பெரம்பலூர் 97.95 விழுக்காட்டுடன் முதலிடம் பெற்றது. 2023 பத்தாம் வகுப்பிலும் 97.67 விழுக்காட்டுடன் அதே இடம். 2024 பத்தாம் வகுப்பில் அரியலூர் 97.31, 2025 பிளஸ் டூவில் 98.82 விழுக்காட்டுடன் முதலில் வந்தது. எழுத்தறிவில் நெடுங்காலம் பின்தங்கியிருந்த, வேலைவாய்ப்புக் குறைந்த மண்ணில் இது பெரிய சாதனை. காலையில் சிறப்பு வகுப்பு, மாலையில் மெல்லக் கற்போருக்குத் தனிப் பயிற்சி என்று அரசுப் பள்ளி ஆசிரியர்கள் உழைத்த உழைப்பு இதற்குப் பின்னால் இருக்கிறது.

ஆனால் இந்த எண்ணுக்கு இன்னொரு முகமும் உண்டு. மாநிலத்தில் முதல் மூன்று இடம் பெற்ற மாணவர்களின் பெயரை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழ்நாடு அரசு 2017இல் கைவிட்டது. பிள்ளைகளுக்கிடையே போட்டியும் மன அழுத்தமும் வேண்டாம் என்பதே காரணம். மாவட்டங்களை வரிசைப்படுத்துவது மட்டும் நிற்கவில்லை. பிள்ளையின் தோளிலிருந்து இறக்கிய சுமை மாவட்டத்தின் தோளுக்குப் போய், அங்கிருந்து தலைமையாசிரியருக்கும் வகுப்பாசிரியருக்கும் இறங்கி, திரும்பவும் அதே பிள்ளையிடம் வந்து சேர்கிறது. 98 பேர் தேர்ச்சி பெறும் இடத்தில் தோற்கும் இருவரின் தனிமை, 70 பேர் தேர்ச்சி பெற்ற காலத்துத் தனிமையைவிடக் கொடியது. முன்பெல்லாம் தோற்றவனுக்குத் தெருவில் துணைக்கு நாலு பேர் இருந்தார்கள்.

2017–18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தபின், 15 முதல் 17 வயதுவரை மூன்று ஆண்டும் பொதுத்தேர்வு ஆண்டாக ஆயிற்று. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை பிளஸ் ஒன் பொதுத்தேர்வை விட்டுவிட முடிவெடுத்தது. இந்த வயதில் உறக்கம் வரும் நேரம் இயல்பாகவே பின்னுக்குத் தள்ளிப்போகும். உடலுக்கு எட்டு மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம் வேண்டும். முதல் டவுன் பஸ்ஸைப் பிடித்துச் சிறப்பு வகுப்புக்கு ஓடும் பிள்ளைக்கு அது கிடைப்பதில்லை. தூக்கம் குறைந்தால் எரிச்சலும் மறதியும் கூடும், மறதி மதிப்பெண்ணைக் குறைக்கும், குறைந்த மதிப்பெண் தூக்கத்தை இன்னும் கெடுக்கும்.

அனிதா

அரியலூர் மாவட்டம் செந்துறை வட்டத்தில் உள்ள குழுமூரைச் சேர்ந்தவர் அனிதா. தந்தை திருச்சி காந்தி சந்தையில் சுமை தூக்கும் தொழிலாளி. தாய் முன்பே இறந்துவிட்டார். 2017 பிளஸ் டூ தேர்வில் 1200க்கு 1176 மதிப்பெண் பெற்றார். மருத்துவச் சேர்க்கை பிளஸ் டூ மதிப்பெண்ணுக்குப் பதிலாக நீட் நுழைவுத் தேர்வின் அடிப்படையில் என்றானபோது உச்ச நீதிமன்ற வழக்கில் தன்னையும் ஒரு தரப்பாக இணைத்துக்கொண்டு டெல்லி வரை போனார். அந்த ஆண்டே நீட் அடிப்படையில் சேர்க்கை நடத்தும்படி 2017 ஆகஸ்டில் நீதிமன்றம் ஆணையிட்டது. செப்டம்பர் 1 அன்று அனிதா தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 17.

தற்கொலைக்கு ஒற்றைக் காரணம் சொல்வதை மனநல மருத்துவர்கள் ஏற்பதில்லை. பல நெருக்கடிகள் ஒரு புள்ளியில் கூடும்போது, வேறு வழியே இல்லை என்ற எண்ணம் மனத்தை மூடிக்கொள்கிறது. அந்த மூட்டம் பெரும்பாலும் சில மணி நேரத்திலோ சில நாளிலோ விலகக்கூடியது. ஆனால் ஒரு பெண் விதிகளின்படி முழுமையாக உழைத்து முடித்த பிறகு விதியே மாறினால் அவளுக்குள் என்ன நொறுங்கும் என்பதை இந்த மாவட்டத்துக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அனிதாவுக்குப் பின்னரும் அரியலூர் இப்படிப்பட்ட இழப்புகளைக் கண்டது. 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவச் சேர்க்கையில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. 2021 செப்டம்பரில், நீட் எழுதிய ஏறத்தாழ 1.1 லட்சம் தமிழ்நாட்டு மாணவர்களைத் தொலைபேசியில் அழைத்து ஆலோசனை சொல்லும் பணியை மக்கள் நல்வாழ்வுத் துறை தொடங்கியது. அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதன் அரங்கம் அனிதாவின் பெயரைத் தாங்கியிருக்கிறது.

வீடும் நிலமும்

பெரம்பலூரில் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். செந்துறை, ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரி. பெரும்பகுதி மானாவாரி. 2018இல் படைப்புழு மக்காச்சோளத்தைத் தின்றுதீர்த்தபோது நட்டம் வயலோடு நிற்கவில்லை. கல்லூரிக் கட்டணத்துக்கு எடுத்துவைத்த பணமும் போனது. ஜெயங்கொண்டம் பகுதியில் பழுப்பு நிலக்கரித் திட்டத்துக்காக 1990களில் கையகப்படுத்தத் தொடங்கிய நிலம், திட்டம் வராமலேயே, பல ஆண்டு வழக்குகளுக்குப் பிறகுதான் உரியவர்களுக்குத் திரும்பியது. நிலம் நம்முடையதா இல்லையா என்ற கேள்வியோடு அங்கே ஒரு தலைமுறையே வளர்ந்து ஆளாகிவிட்டது. அரியலூரைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமென்ட் ஆலைகளும் லாரிகளும் நிறைந்திருந்தாலும், உள்ளூர்ப் பிள்ளைக்கு நிரந்தர வேலை அங்கே எளிதில் கிடைப்பதில்லை. அதனால்தான் படிப்பு ஒன்றே ஊரைவிட்டு மேலேறும் ஏணி என்ற எண்ணம் வீட்டுக்கு வீடு வேரூன்றியிருக்கிறது.

பெற்றோர் சென்னை, திருப்பூர் என்றும் சிங்கப்பூர், வளைகுடா நாடுகள் என்றும் போக, அப்பாயி அல்லது அம்மாயி வளர்ப்பில் இருக்கும் பிள்ளைகள் பலர். அவர்களுக்குச் சோற்றுக்கும் பாசத்துக்கும் குறை இருக்காது. ஆனால் பதினான்கு வயதுப் பேரன் ஏன் பேசாமல் சுருண்டு படுத்திருக்கிறான் என்று எழுபது வயதில் துருவிக் கேட்பது எளிதல்ல. வீடியோ அழைப்பில் அப்பா கேட்பதும் பெரும்பாலும் ‘எத்தனை மார்க்?’ என்பதுதான். தந்தையின் குடி இன்னொரு பெரும் காரணி. குடிக்கிற வீட்டில் வளரும் பிள்ளை, கதவு திறக்கும் சத்தத்தை வைத்தே அன்றைய இரவைக் கணித்துக்கொள்ளப் பழகுகிறது. அந்த விழிப்பு நிலை நாள்பட்டால் பதற்ற நோயாகிறது.

பெண்பிள்ளைகளும் சாதியும்

மஞ்சள் நீராட்டு விழா முடிந்த கையோடு பல பெண்பிள்ளைகளுக்கு விளையாட்டு நின்றுபோகிறது; தனியே கடைக்குப் போவதும் கைபேசி வைத்திருப்பதும் கேள்விக்குள்ளாகின்றன. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில், 20–24 வயதுத் தமிழ்நாட்டுப் பெண்களில் 12.8 விழுக்காட்டினர் 18 நிறையும் முன்பே மணமானவர்கள். பிளஸ் டூவில் தோற்றால் கல்யாணம் என்ற பேச்சு தேர்வு பயத்தை வேறொன்றாக்கிவிடுகிறது: மாணவனுக்கு அது ஓராண்டு இழப்பு, மாணவிக்கு வாழ்வே திசைமாறும் அச்சம். இந்த வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் இரத்தசோகை உள்ளவர்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சோர்வு, ஈடுபாடின்மை என மனச்சோர்வின் அறிகுறியாகத் தெரிவதில் ஒரு பங்கு இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம். 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. தொகை சிறிது, ஆனால் ‘இவள் படிக்கட்டும்’ என்று வீட்டில் வாதாட அது ஒரு காரணத்தைக் கொடுத்திருக்கிறது.

பெரம்பலூரில் பட்டியல் சாதியினர் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கை நெருங்குகின்றனர். காலனி என்றும் ஊர் என்றும் பிரிந்த குடியிருப்பிலிருந்து ஒரே வகுப்பறைக்கு வரும் பிள்ளைகள், யார் யாரோடு சேர்கிறார் என்பதை இடைவேளையிலேயே கற்றுவிடுகிறார்கள். அவமதிப்பை வெளியே சொல்ல முடியாமல் விழுங்கும் பிள்ளை, தவறு தன்னிடம்தான் என்று நம்பத் தொடங்குவதே இதன் ஆழமான காயம். நாங்குநேரியில் 2023இல் பட்டியல் சாதி மாணவர்மீது சக மாணவர்கள் நடத்திய தாக்குதலுக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, பள்ளிகளில் சாதி அடையாளங்களைக் களைவது குறித்து 2024 ஜூனில் அறிக்கை அளித்தது.

அறிகுறியும் உதவியும்

இங்கே மனவேதனை உடலின் மொழியில்தான் முதலில் வெளிப்படுகிறது: விடாத தலைவலி, வயிற்றுவலி, மயக்கம், ‘படபடன்னு வருது’. பயந்த கோளாறு, காத்துக் கருப்பு என்று மந்திரிப்பதும் வேப்பிலை அடிப்பதும் பழக்கம். திருச்சி மாவட்டம் குணசீலம் பெருமாள் கோயிலில் மனநலம் பாதிக்கப்பட்டோரை ஒரு மண்டலம் தங்கவைப்பது நெடுநாள் வழக்கம். அங்கே மனநல மறுவாழ்வு மையமும் இயங்குகிறது. நம்பிக்கையும் மருத்துவமும் பக்கத்துப் பக்கத்தில் நிற்க முடியும் என்பதற்கு இது அருகிலேயே உள்ள சான்று. சாமி கும்பிடுவது ஆறுதல் தரலாம். ஆனால் அதற்காகச் சிகிச்சை தள்ளிப்போகக் கூடாது.

நாட்டின் மாவட்ட மனநலத் திட்டம் தமிழ்நாட்டில் முதலில் தொடங்கியது 1990களின் இறுதியில், திருச்சிராப்பள்ளியில். இன்று அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் பெரம்பலூர் அரசு தலைமை மருத்துவமனையிலும் மனநலச் சிகிச்சை இலவசம். 2017 மனநலச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதி உதவ வேண்டும் என்கிறது; தண்டனைக்கு அஞ்சி யாரும் மருத்துவமனைக்கு வராமல் இருக்க வேண்டியதில்லை. 14416 என்ற மனநல உதவி எண்ணில் 2022 அக்டோபர் முதல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். குழந்தைத் திருமணமோ வன்கொடுமையோ என்றால் 1098. கல்வி தொடர்பான ஐயங்களுக்கு 14417. தேர்வில் தவறிய பாடத்தை அதே ஆண்டு துணைத்தேர்வில் எழுதி, அந்த ஆண்டே கல்லூரியில் சேர முடியும்.