மரிய சேவியர் அடிகள், நீ. (1939–2021)

யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கக் குரு, நாடகாசிரியர், நெறியாளர். 1965இல் திருமறைக் கலாமன்றத்தை நிறுவியவர். யாழ்ப்பாணத்தின் கரையோரக் கத்தோலிக்க ஊர்களில் நாடக மரபு ஆழ வேரூன்றியிருந்தது. தவக்காலத்தில் உருவங்களை அசைத்து இயேசுவின் பாடுகளைக் காட்டும் ‘உடக்குப் பாஸ்’ ஒருபுறம். புனிதர் வரலாறுகளை அண்ணாவிமார் ஆடுவித்த தென்மோடிக் கூத்து மறுபுறம். அந்த மரபிலிருந்தே அடிகள் திருப்பாடுகளின் நாடகங்களைப் பெருமேடைக்குக் கொண்டுவந்தார். பின்னர் வார்த்தைகளற்ற நாடகங்களையும் ஆக்கினார்; சமயம் கடந்த பார்வையாளரை நாடிய இம்முயற்சி, பாடுகளின் நாடகங்களைவிடத் துணிச்சலானது. குருத்துவமும் கலையும் அவருக்கு இரு தொழில்களல்ல. மேடையே அவரது பிரசங்கபீடம். போர்க்காலத்திலும் மன்றத்தின் பணி நிற்கவில்லை. மன்றத்தின் ‘கலைமுகம்’ இதழ் 1990இல் தொடங்கியது.