ஆறு பவுன் துப்பாக்கி

எத்தொழிலைத் தொடங்குவோனுக்கும் முதற் கருவியைத் தேர்ந்தெடுப்பது ஒரு சோதனையே ஆகும். கையிருப்பு ஒரு பக்கம் இழுக்கும். தொழிலின் தேவை மறுபக்கம் இழுக்கும். தச்சனின் உளி பழுதானால் மரம் கெடும். யானை வேட்டைக்குச் சென்றவனின் துப்பாக்கி பழுதானால் அவன் உயிரே போகும். பொருள் வளம் இல்லாதோர் பெருவிலங்கு வேட்டைக்கான தம் முதல் துப்பாக்கியை எவ்வாறு தேடிக்கொண்டனர் என்பதற்கு ஆப்பிரிக்க வரலாறு நல்ல சான்றுகளைத் தருகின்றது.

1871 ஆம் ஆண்டில் பிரடெரிக் செலூஸ் என்னும் ஆங்கில இளைஞர் 400 பவுன் பணத்துடன் தென்னாப்பிரிக்கக் கரையில் இறங்கினார். அப்போது அவருக்கு வயது 19. யானைத் தந்தம் விற்றுப் பிழைப்பதே அவர் நோக்கம். உடன் கொணர்ந்த உயர்ந்த இரட்டைக்குழல் துப்பாக்கி, வைரச் சுரங்கப் பகுதியை நோக்கிச் சென்ற வழியில் வண்டியிலிருந்து களவு போயிற்று. மற்றொன்றை அதே தரத்தில் வாங்க அவருக்கு வசதி இல்லை. எனவே பர்மிங்காம் நகரில் செய்யப்பட்ட மட்டரகத் துப்பாக்கிகள் இரண்டைத் தலைக்கு ஆறு பவுன் விலையில் வாங்கினார்.

அவை குழல்வாய் வழியே மருந்து கெட்டிக்கும் பழைய வகையைச் சேர்ந்தவை. ஓர் இராத்தல் ஈயத்தை நான்கு உருண்டைகளாக வார்த்தால், அவற்றுள் ஒன்று அக்குழலுக்குப் பொருந்தும். அதாவது ஒரு குண்டின் எடை கால் இராத்தல், ஏறத்தாழ 113 கிராம். இடுப்பில் தொங்கும் தோற்பையிலிருந்து வெடிமருந்தைக் கையால் அள்ளிப் போட்டு, ஓடிக்கொண்டே கெட்டிக்க வேண்டும். குதிரைகளைக் கொல்லும் செட்சி ஈக்கள் மிகுந்த காடுகளில் அவர் கால்நடையாகவே வேட்டையாடினார்.

மட்டபெலி நாட்டு மன்னர் லோபெங்குலாவிடம் அனுமதி கேட்டபோது, இச்சிறுவனா யானையைக் கொல்லப் போகிறான் என்று அம்மன்னர் நகைத்தார். ஆனால் 1872 முதல் 1874 வரை அவ்விரு துப்பாக்கிகளையும் கொண்டே 78 யானைகளை வீழ்த்தினார் செலூஸ். கணக்குப் புத்தகத்தை மட்டும் நோக்கினால் இதைவிடச் சிக்கனமான முதலீடு வேறில்லை.

எனினும் மலிவாக வாங்கியவர் மீதி விலையை வேறு வகையில் கட்டினார். ஒருமுறை மருந்து பற்றாமற் போன துப்பாக்கியில், உதவியாள் அறியாமல் இரண்டாம் முறையும் மருந்தைக் கெட்டித்துவிட்டான். விசையை இழுத்ததும் செலூஸ் தரையிலிருந்து தூக்கி எறியப்பட்டார். முகத்தில் குருதி வழிந்தது. அவ்வாறான விபத்து நேராத நாளிலும், ஒவ்வொரு வெடியின் பின்னுதைப்பும் அவர் தோளையும் நரம்புகளையும் தாக்கியது. அத்துப்பாக்கிகளைத் தொட்டதற்காகப் பிற்காலத்தில் அவர் வருந்தி எழுதினார். வருவாய் கைக்கு வந்த பின்னர், பிரிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் நிறுவனத்தின் இலகுவான துப்பாக்கிக்கு அவர் மாறிக்கொண்டார்.

இந்நிலையை மாற்றியது புகையில்லா வெடிமருந்து. 1884 இல் பிரான்சில் கண்டறியப்பட்ட அம்மருந்து, சிறிய குண்டையும் மிகுந்த வேகத்தில் செலுத்தியது. 1898 இல் லண்டன் ரிக்பி நிறுவனம் அதனைக் கொண்டு யானை வேட்டைக்கேற்ற புதுவகைத் தோட்டாவை வெளியிட்டது. ஆனால் அதற்குரிய இரட்டைக்குழல் துப்பாக்கி செல்வர்களின் உடைமையாகவே இருந்தது. இரு குழல்களும் ஒரே இலக்கில் சுடுமாறு கைவினைஞர் பொறுமையுடன் இணைக்க வேண்டியிருந்ததால், அதன் விலை குறைய வழியே இல்லை.

எளியோருக்கான வழி ஜெர்மனியில் பிறந்தது. 1898 இல் ஜெர்மானியப் படை ஏற்றுக்கொண்ட மௌசர் துப்பாக்கி, இயந்திரங்களால் பெருந்தொகையில் செய்யப்பட்டது. தாழ்ப்பாள் போன்ற அமைப்பை இழுத்துத் தள்ளினால் அடுத்த தோட்டா தானே குழலுள் நுழையும். 1905 இல் பெர்லின் துப்பாக்கி வினைஞர் ஓட்டோ பொக், அந்தச் சாதாரண மௌசர் அமைப்பிலேயே அடங்குமாறு 9.3 மில்லிமீட்டர் குழலுக்கான தோட்டாவை வடிவமைத்தார். அதன் குண்டு ஏறத்தாழ 18.5 கிராம். ஆப்பிரிக்காவின் ஜெர்மானியக் குடியேற்றங்களில் வாழ்ந்த உழவரும் அலுவலரும், மானுக்கும் எருமைக்கும் யானைக்கும் ஒரே துப்பாக்கி போதும் என்று அதனை வாங்கினர். தனிப்பெரும் அமைப்பு ஒன்றைப் புதிதாகச் செய்யாமல், ஊரறிந்த அமைப்புக்கு ஏற்பத் தோட்டாவைப் பொருத்தியதே பொக்கின் கூரறிவு.

அதே காலத்தில் பெல் என்னும் ஸ்காட்லாந்து வேட்டையாளர் இன்னும் சிறிய துப்பாக்கியை நாடினார். 7 மில்லிமீட்டர் குழலும் ஏறத்தாழ 11 கிராம் குண்டும் உடைய அது, செலூஸின் குண்டில் பத்திலொரு பங்கையே எறிந்தது. அதனைக் கொண்டே அவர் தாம் கொன்ற ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளுள் பெரும்பாலானவற்றை வீழ்த்தினார். யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து, மூளை எவ்விடத்தில் அமைந்துள்ளது என்பதை அவர் கற்றிருந்தார். அக்கல்வி இன்றிச் சிறு துப்பாக்கியை ஏந்துவோன், விலங்கைக் காயப்படுத்தித் தன் உயிரையும் இழக்கக்கூடும். அதனாலேயே பிற்காலத்தில் ஆப்பிரிக்க நாடுகள் சில, யானைக்குரிய குழலின் மிகக் குறைந்த அளவைச் சட்டத்தால் வரையறுத்தன.

ஆகவே, வேட்டையாடுவோர் தேட வேண்டியிருந்தவை மூன்று: தோள் தாங்கும் பின்னுதைப்பு, தவறாமல் இயங்கும் எளிய அமைப்பு, விலங்கின் உடலைப் பற்றிய அறிவு. முதல் இரண்டையும் மௌசர் மலிவாகக் கொடுத்தது. மூன்றாவதை எந்தக் கடையிலும் வாங்க இயலாது.

ஆனால் இம்மலிவின் மீதிக் கணக்கை யானை இனமும் கட்டியது. மட்டபெலி நாட்டில் யானைகள் அருகிவிட்டதால், 1877 இல் செலூஸே சாம்பேசி ஆற்றுக்கு அப்பால் செல்ல நேர்ந்தது. விலங்குகளைக் காக்க 1900 இல் ஐரோப்பிய அரசுகள் லண்டனில் ஓர் உடன்படிக்கை எழுதின. அது நடைமுறைக்கு வரவே இல்லை. முதல் உலகப் போரில் கிழக்காப்பிரிக்காவில் போரிட்ட செலூஸ், 1917 ஜனவரி 4 ஆம் நாள் எதிரியின் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானார். அவர் வீழ்ந்த காட்டுப் பகுதி, இன்றைய தான்சானியாவில், 1922 இல் அவர் பெயராலேயே விலங்குக் காப்பகமாயிற்று. அவ்வட்டாரத்தில் 1976 இல் சுமார் 1,10,000 யானைகள் இருந்தன. தந்தத் திருடர்களின் கொடுமையால் 2014 இல் அவை சுமார் 15,000 ஆகக் குறைந்தன. ஆறு பவுன் கொடுத்துத் துப்பாக்கி வாங்கிய இளைஞர் இந்தத் தொகையை எண்ணியிருக்க மாட்டார். வரலாறு அதனையும் சேர்த்தே விலையாக எழுதி வைத்துள்ளது.